அம்மாவின் டெக்கிற்கு ஒரு கூரை: ஸ்காபரோ வாசகியின் கடிதத்துக்குப் பதில்

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ வீட்டையோ அடையாளங்காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, கேள்விக்கு வேண்டியவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

அவரது குடும்பம் வசிப்பது இரண்டு தட்டுச் செங்கல் வீடு. பின்வளவில் முன்னைய உரிமையாளர் அமைத்த மர டெக், அதாவது பலகை மேடை, ஒன்று இருக்கிறது. சுவரோரமாக 16 அடி நீளம், வளவுப் பக்கமாக 12 அடி அகலம், தரையிலிருந்து மூன்றரை அடி உயரம். மேற்கு நோக்கியது. எழுபத்தொன்பது வயதான அவரது தாயார் கோடைகாலத்தில் பின்னேரம் ஐந்து மணி முதல் ஏழு மணி வரை அந்த டெக்கில்தான் அமர்ந்திருப்பார். யாழ்ப்பாணத்து வீட்டின் விறாந்தையை விட்டு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், வெளிக்காற்றில் ஒரு கதிரை போட்டு உட்காராவிட்டால் அவருக்கு அன்றைய நாள் முடிந்ததாகத் தோன்றுவதில்லையாம். ஆனால் வெயில் தாங்க முடியவில்லை. மழை தூறினால் எழுந்து உள்ளே போகவேண்டியிருக்கிறது. ஆகவே டெக்கின் மேல் ஒரு கூரை போட்டுவிடலாம் என்று குடும்பம் தீர்மானித்திருக்கிறது.

உறவினர் ஒருவர் அறிமுகப்படுத்திய கூரைவேலைக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஏற்கெனவே உள்ள டெக்கின் மேல் கூரை மட்டும் போடுவதற்கு மாநகரசபையின் அனுமதி வேண்டியதில்லை என்றும், வீட்டுச் சுவரில் முட்டாமல் நான்கு தூண்களில் நிறுத்திவிட்டால் எந்த விதியும் பொருந்தாது என்றும், பொலிகாபனேற் என்ற பிளாஸ்ரிக் தகடு இலேசானது என்பதால் தூண்களை டெக் பலகையின் மேலேயே நிறுத்தலாம் என்றும் கூறியிருக்கிறார். பற்றுச்சீட்டு இல்லாமல் காசாகத் தந்தால் 9,000 டொலர். அதில் 5,000 டொலர் முற்பணம். வேலை இரண்டு வார இறுதிகளில் முடியுமாம். வலப்பக்க அயலவர் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். இடப்பக்கத்தவரோடு பேசிப் பழக்கமில்லை. "எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்" என்பது வாசகியின் தம்பியின் கருத்து. கணவருக்குத் தயக்கம். ஆகஸ்ட் மாதத்தில் தாயாரின் எண்பதாவது பிறந்தநாளை அந்தக் கூரையின் கீழே கொண்டாடவேண்டும் என்பது வாசகியின் ஆசை. அனுமதி உண்மையில் தேவையா, அயலவரின் சம்மதம் போதாதா, அனுமதியின்றிக் கட்டினால் என்ன நேரும், முற்பணத்தைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், டெக்கின் படிக்கட்டுக் கைப்பிடி சற்று ஆடுகிறது, கூரைவேலையோடு அதையும் சரிசெய்துகொள்ளலாம் என்றிருக்கிறோம் என்று ஒரு வரியும் உண்டு.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவரின் தயக்கம் நியாயமானது. அனுமதி கட்டாயம் தேவை; முற்பணத்தை இப்போது கொடுக்காதீர்கள்; நீங்கள் விவரித்த முறையில் அந்தக் கூரையைக் கட்டவே கூடாது. இதை முதலிலேயே திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் தாயாருக்கு நிழலும், ஆகஸ்ட் விழாவுக்கு ஒரு மறைப்பும் கிடைப்பதற்கு இது தடையல்ல. அவை இரண்டுக்கும் வேறு வழிகள் உள்ளன, அவற்றைப் பின்னர் சொல்கிறேன். நான் கட்டமைப்புப் பொறியியலாளர் என்பதால் முதலில் பாரத்தைப் பற்றியே பேசவேண்டும். அது விளங்கினால் சட்டம் ஏன் அப்படி இருக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

கூரையின் பாரம் எங்கிருந்து வருகிறது

கடிதத்தில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்த வரி, தகடு இலேசானது, ஆகவே டெக் தாங்கும் என்பதுதான். தகட்டின் எடையைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியே. பொலிகாபனேற் சதுர மீற்றருக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் வராது. உங்கள் டெக்கின் பரப்பு ஏறத்தாழ 17.8 சதுர மீற்றர். அதை மூடும் தகடுகள் முழுவதையும் இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். ஆனால் இந்த நாட்டில் கூரையைத் தாங்கும் மரங்களின் தடிப்பைத் தீர்மானிப்பது பனி. ஸ்காபரோவுக்கு ஒன்ராறியோ கட்டட விதிக்கோவை வகுத்திருக்கும் நிலத்துப் பனிப்பாரம் 1.2 கிலோபஸ்கால், கிடக்கும் பனியின் மேல் மழை பெய்து அதிலே ஊறி நிற்பதற்காக மேலும் 0.4 கிலோபஸ்கால். வீட்டுக் கூரைக்கு எப்படிக் கணக்கிட்டாலும் 1 கிலோபஸ்காலுக்குக் குறைவாக எடுக்க விதி இடந்தராது. அது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோ. உங்கள் கூரை முழுவதற்கும் சேர்த்தால் 1,800 கிலோ. முற்றத்தில் நிற்கும் உங்கள் வாகனத்தைத் தூக்கி அந்த நான்கு தூண்களின் மேல் வைப்பதற்கு ஒப்பானது இது.

இதுகூடக் குறைந்தபட்சக் கணக்கே. உங்கள் வீடு இரண்டு தட்டு. புதிய கூரையோ கீழ்த்தட்டின் உயரத்தில் வரப்போகிறது. மேல்கூரையிலிருந்து சரியும் பனியும், காற்று அள்ளிவந்து சுவரோரம் குவிக்கும் பனியும் அந்தத் தாழ்ந்த கூரையின் மேலேயே தங்கும். 2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோவில் ஒரே நாளில் முப்பது சென்ரிமீற்றருக்கு மேல் பனி கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படியான நாளுக்குப் பிறகு சுவரோரத்துக் குவியல் இடுப்பளவுக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உயரமான சுவருக்குக் கீழே வரும் தாழ்ந்த கூரைக்கு இந்தக் குவியலைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்கவேண்டும். அதைக் கண்மதிப்பாகச் சொல்ல எவராலும் முடியாது.

இப்போது டெக்கைப் பாருங்கள். வீட்டு டெக் ஒன்று மனிதர்கள், கதிரை மேசைகள் ஆகியவற்றுக்காக 1.9 கிலோபஸ்கால் தாங்கும்படி கட்டப்படுகிறது. முன்னைய உரிமையாளர் ஒழுங்காகக் கட்டியிருந்தாரென்றே வைத்துக்கொண்டாலும், அவருடைய தூண்களும் அத்திவாரமும் அந்த அளவுக்கே போதுமானவை. கூரை வந்தால் அதன்மேல் பாதிக்கும் அதிகமான பாரம் புதிதாக ஏறுகிறது. அதிலும் தூணைப் பலகையின் மேல் நிறுத்துவது பெரிய பிழை. ஒரு மூலைத் தூணில் மட்டும் அரை தொன்னுக்கு அண்மித்த பாரம் இறங்கும். அது இரண்டு குறுக்கு மரங்களுக்கு இடையே உள்ள பலகையில் இறங்கினால், பலகை வளைந்து, கூரை ஒரு பக்கம் சாய்ந்து, பொருத்துகள் கழன்றுவிடும். கூரைத் தூணின் பாரம் இடையில் எங்கும் தங்காமல் நேராக நிலத்துக்குள் இருக்கும் அத்திவாரத்தைச் சேரவேண்டும்.

கீழ்நோக்கிய பாரம் ஒரு பாதி. காற்றின் மேலிழுவை மற்றப் பாதி. சுவரில்லாத கூரை பாய்மரத் துணி போன்றது. 2022 மே 21 அன்று தென் ஒன்ராறியோவைக் கடந்த புயலில் பியர்சன் விமான நிலையத்தில் காற்று மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் வீசியது. அப்படியான நேரத்தில் இலேசான கூரை என்பது நன்மையல்ல, தீமை. கூரையைத் தூணோடும், தூணை அத்திவாரத்தோடும் உருக்குப் பொருத்திகளால் பிணைத்து, மேலே இழுக்கும் விசைக்கு எதிராக நிலத்தில் பிடித்துவைக்க வேண்டும். டெக் பலகையில் நான்கு திருகாணிகளால் பிடிக்கப்பட்ட தூண் இதற்குத் தாங்காது.

நிலமும் செங்கல்லும்

ரொறன்ரோப் பகுதியில் நிலம் ஏறத்தாழ 1.2 மீற்றர், அதாவது நான்கு அடி ஆழம்வரை உறையக்கூடும் என்ற அடிப்படையில்தான் அத்திவாரம் தோண்டுகிறோம். அந்த ஆழத்துக்கு இறங்காமல் நிற்கும் எந்தத் தூணையும் குளிர்காலத்தில் நிலம் மேலே தள்ளும், வசந்தத்தில் கீழே விடும். தாழ்வான, வீட்டோடு இணைக்கப்படாத சிறிய டெக் ஒன்றுக்கு விதிக்கோவை இந்த ஆழத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த விலக்கின் நிபந்தனைகளில் ஒன்று, அந்த டெக் கூரை எதையும் தாங்கக்கூடாது என்பதே. காரணத்தை நான் பலமுறை நேரில் கண்டிருக்கிறேன். நிலத்தின் மேல் வைத்த சீமெந்துக் கட்டைகளில் நின்ற டெக்கிற்குப் பின்னர் கூரை போட்ட ஒரு வீட்டில், மார்ச் மாதத்தில் வெளித்தூண்கள் இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருந்தன. வீட்டுப் பக்கம் அசையவில்லை. நடுவே தகடுகள் வெடித்து, சாய்வு மாறி, பனியுருகிய நீர் முழுவதும் வீட்டுச் சுவரை நோக்கி ஓடி, நிலவறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பம் கூரைக்குச் செலவிட்டதைவிட நிலவறையைத் திருத்தச் செலவிட்டது அதிகம்.

ஆகவே உங்கள் டெக்கின் கீழே குனிந்து பாருங்கள். தூண்கள் நிலத்துக்குள் போகும் கொங்கிறீற் உருளைகளில் நிற்கின்றனவா, அல்லது நிலத்தின் மேல் வைத்த கட்டைகளில் நிற்கின்றனவா? உருளைகளாக இருந்தாலும் அவற்றின் ஆழமும் அடிப்பரப்பும் தெரியாதவரை அவற்றை நம்பிக் கணக்குப் போட முடியாது. இன்று பலர் தெரிவுசெய்வது நிலத்துக்குள் திருகி இறக்கும் உருக்குத் தூண்கள். அவற்றை இறக்கும்போது தேவைப்படும் முறுக்குவிசையை அளந்து, எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொறியியலாளரின் முத்திரையோடு சான்று தருவார்கள். வளவில் பெருங்குழிகள் தோண்டவேண்டியதும் இல்லை. ஆனால் எதைத் தோண்டுவதற்கு முன்பும் 'ஒன்ராறியோ வன் கோல்' சேவைக்கு அறிவித்து, நிலத்தடி எரிவாயுக் குழாய், மின்கம்பி ஆகியவற்றை அடையாளமிடச் செய்யவேண்டும். அது சட்டக் கட்டாயம். உங்களுக்குக் கட்டணமும் இல்லை.

"சுவரோடு பிடித்துவிட்டால் பலம்தானே" என்று இன்னொருவர் வந்து சொல்லக்கூடும் என்பதால் இதையும் எழுதுகிறேன். கடந்த சில பத்தாண்டுகளில் இங்கே கட்டப்பட்ட பெரும்பாலான செங்கல் வீடுகளில் செங்கல் வெறும் போர்வைதான். பாரத்தைத் தாங்குவது அதற்குப் பின்னால், ஓர் அங்குல இடைவெளி விட்டு நிற்கும் மரச்சட்டம். செங்கல் தன் எடையைத் தாங்கும். கூரையின் எடையைத் தாங்காது. கூரையின் சுவர்ப்பக்கப் பலகையைச் செங்கல்லின் மேல் திருகுவதோ, மேல்கூரையின் ஓரப் பலகையில் பீலிக்குப் பக்கத்தில் தொங்கவிடுவதோ ஏற்கத்தக்கதல்ல. செங்கல்லை அந்த இடத்தில் அகற்றி, மரச்சட்டத்தோடு பிணைத்து, நீர் புகாதபடி உலோகத் தகடு செருகுவது ஒரு வழி. சுவரோரமாகவும் தூண்களை நிறுத்திக் கூரையைத் தனித்து நிற்கச் செய்வது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் ஒரு சிக்கல் உண்டு. வீடு கட்டும்போது அத்திவாரத்தைச் சுற்றித் தோண்டி மீண்டும் நிரப்பிய மண், எத்தனை ஆண்டு சென்றாலும் இறுகிய மண்ணுக்கு ஈடாகாது. அங்கே தூணின் அடி அந்த நிரப்பலையும் தாண்டிக் கீழே போகவேண்டும். திருகுத் தூண்கள் இதற்கு மிகவும் பொருத்தம்.

சுவரில் எரிவாயு மானி, உலைக்கலனின் வெள்ளை பீ.வி.சி. புகைக்குழாய், துணி உலர்த்தியின் வாய் எதுவும் டெக்கின் பக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கூரை வந்தால் அந்த வாயு மேலே கலைந்து போகாமல் அங்கேயே தங்கி, யன்னல் வழியாக உள்ளே திரும்பக்கூடும். மீன் பொரிக்கவும் கூழ் காய்ச்சவும் டெக்கில் வெளியடுப்பு வைத்திருப்பது நம் வீடுகளில் வழக்கம். திறந்த வெளியில் பாதுகாப்பான அதே அடுப்பை மரக்கூரையின் கீழே வைத்துப் பழையபடி பயன்படுத்த முடியாது. அடுப்போடு வந்த கைநூலில் மேலேயும் பக்கங்களிலும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று எழுதியிருக்கும்.

அனுமதி தேவையா

தேவை. 1992ஆம் ஆண்டின் ஒன்ராறியோ கட்டட விதிக்கோவைச் சட்டம் 'கட்டடம்' என்பதற்கு வரைவிலக்கணம் தரும்போது, சுவர், கூரை, தளம் ஆகிய மூன்றுமோ அவற்றில் ஏதேனும் ஒன்றோ கொண்டு, பத்துச் சதுர மீற்றருக்கு மேற்பட்ட பரப்பை அடைக்கும் அமைப்பு என்கிறது. உங்கள் கூரை 17.8 சதுர மீற்றர். வீட்டில் முட்டுகிறதா முட்டவில்லையா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே அது கட்டடமாகிவிடுகிறது. அந்தக் கூரைவேலைக்காரர் அறிந்தே பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. பொருட்கள் வைக்கும் தனிக் கொட்டில் 15 சதுர மீற்றர்வரை இருந்தால் அனுமதி வேண்டாம் என்றொரு விலக்கு உண்டு. அதைக் கேள்விப்பட்டு எல்லாவற்றுக்கும் பொருத்திப் பேசுகிறவர்கள் பலர். அந்த விலக்கு களஞ்சியக் கொட்டிலுக்கு மட்டுமே உரியது. உங்கள் கூரை அந்த அளவையும் மீறுகிறது.

பழைய டெக்கைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. ரொறன்ரோவில் நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்த டெக்கிற்கு அனுமதி வேண்டும். உங்களுடையது மூன்றரை அடி. முன்னைய உரிமையாளர் அனுமதி பெற்றாரா என்று மாநகரசபையின் கட்டடப் பதிவுகளில் தேடிப் பிரதி தரும்படி எழுத்துமூலம் கோரலாம். கிடைத்தால் அத்திவாரத்தின் ஆழமும் வரைபடத்தில் இருக்கும். பாதி வேலை முடிந்ததுபோலாகும். கிடைக்காவிட்டால் டெக்கையும் கூரையையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்து ஒழுங்குபடுத்துவதே நல்லது.

அனுமதி என்றதும் மாதக்கணக்கில் இழுபடும் என்று நம்மவர்கள் அஞ்சுவதைப் பார்க்கிறேன். வரைபடங்கள் முழுமையாகவும், காணியில் எதை எங்கே எவ்வளவு கட்டலாம் என்று வகுக்கும் வலய விதிகளுக்கு அமைவாகவும் இருந்தால், வீடு சம்பந்தமான விண்ணப்பத்துக்குப் பத்து வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்று விதிக்கோவையே காலக்கெடு வைத்திருக்கிறது. தாமதம் பெரும்பாலும் வருவது வலய விதியிலிருந்துதான். திறந்த டெக்கிற்கும் கூரையிட்ட டெக்கிற்கும் எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளி வேறுபடக்கூடும். கூரை வந்ததும் அந்தப் பரப்பு காணியில் கட்டடம் மூடிய பரப்போடு சேர்த்து எண்ணப்படவும் கூடும். ஆகவே வீடு வாங்கும்போது சட்டத்தரணி தந்த நில அளவைப் படத்தைத் தேடியெடுங்கள். எந்த வரைபடமும் அதிலிருந்துதான் தொடங்கும்.

அனுமதியின்றிக் கட்டினால் என்ன நேரும் என்று கேட்டீர்கள். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று உங்கள் தம்பி சொல்வது சில ஆண்டுகளுக்கு உண்மையாகவும் இருக்கலாம். இடப்பக்க அயலவர் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் பரிசோதகர் வருவார். வேலையை நிறுத்தும் கட்டளையோ, திருத்தும்படி அல்லது அகற்றும்படி கட்டளையோ உங்கள் பெயருக்கு வரும். கூரைவேலைக்காரரின் பெயருக்கு மட்டுமல்ல, காணியின் உரிமையாளரான உங்கள் பெயருக்கும். நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டால் தனிநபருக்கு முதல் தடவை 50,000 டொலர்வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. சாதாரண வீட்டுக்காரருக்கு அந்த உச்சத் தொகை விதிக்கப்படும் என்று பயமுறுத்த நான் விரும்பவில்லை. பெரும்பாலான இடங்களில் நடப்பது, பின்னர் அனுமதி கோரி விண்ணப்பித்து, மறைந்துபோன அத்திவாரத்தைக் காட்டுவதற்காக மீண்டும் தோண்டி, கூடுதல் கட்டணமும் செலுத்துவதுதான். என்னை அதிகம் உறுத்துவது காப்புறுதி. பனியில் கூரை இடிந்து ஒருவர் காயப்பட்டால், அனுமதியில்லாத கட்டுமானம் என்ற காரணத்தைக் காட்டிக் காப்புறுதி நிறுவனம் பொறுப்பை மறுக்க முயலும். அந்தக் கூரையின் கீழே அமர்ந்திருக்கப்போவது உங்கள் அம்மா.

அயலவரின் சம்மதம்

வலப்பக்கத்தவரின் நல்லெண்ணம் மதிக்கத்தக்கது. ஆனால் வலய விதியைத் தளர்த்தும் அதிகாரம் அவரிடம் இல்லை. இடைவெளி போதாவிட்டால், திட்டச் சட்டத்தின் 45ஆம் பிரிவின் கீழ் சிறு விலகல் கோரி, மாநகரசபையின் சீராக்கல் குழுவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். 60 மீற்றருக்கு உட்பட்ட காணி உரிமையாளர்களுக்கு அறிவித்தல் போகும், விசாரணை நடக்கும். கேட்கும் விலகல் உண்மையில் சிறியதா, அந்தக் காணிக்குப் பொருத்தமானதா, நகரத் திட்டத்தினதும் வலய விதியினதும் நோக்கத்துக்கு அமைவானதா என்று பார்ப்பார்கள். அங்கேதான் வலப்பக்கத்தவரின் சம்மதம் பயன்படும். ஆகவே அதை எழுத்தில் வாங்கிவையுங்கள்.

இடப்பக்கத்தவரிடம் வரைபடத்தோடு ஒருமுறை போய்ப் பேசுங்கள். உங்கள் கூரை நீர் எங்கே விழும் என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி; கேட்பதும் நியாயம். பீலியின் நீர் உங்கள் வளவுக்குள்ளேயே இறங்கி ஊறவேண்டும், அவர்கள் பக்கம் போகக்கூடாது. அதை வரைபடத்தில் காட்டக்கூடியதாக இருந்தால் பேச்சு சுமுகமாக முடியும்.

நீங்கள் கேட்காத கேள்வி: பின்னேர வெயில்

இதை எழுதத்தான் எனக்கு அதிக விருப்பம். உங்கள் டெக் மேற்கு நோக்கியது. அம்மா அமர்வது ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை. ஜூன் மாதக் கடைசியில் ரொறன்ரோவில் பின்னேரம் ஆறு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில், அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்கும். கூரையின் முன்விளிம்பு எட்டடி உயரத்தில் இருந்தால், அதன் கீழாக நுழையும் வெயில் ஏறத்தாழ பதினான்கு அடி உள்ளே வரும். உங்கள் டெக்கின் அகலமோ பன்னிரண்டு அடிதான். அதாவது 9,000 டொலர் செலவிட்டுக் கூரை போட்ட பிறகும் ஆறு மணிக்கு டெக்கின் தளம் முழுவதும் வெயில் விழும். சுவரோரமாகக் கதிரையைத் தள்ளிப்போட்டால் முகத்துக்கு மட்டும் நிழல் கிடைக்கும். ஏழு மணிக்குச் சூரியன் 20 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது அதுவும் இல்லை. தகடு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவதாக இருந்தால் நண்பகலிலும் கீழே வெக்கை தேங்கும்.

மேற்கு வெயிலுக்கு வேண்டியது நிமிர்ந்து நிற்கும் மறைப்பு. விறாந்தையில் வெயில் விழும் பக்கமாகத் தட்டி கட்டி, பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிடும் வழக்கத்தை உங்கள் அம்மா உங்களுக்குச் சொல்லித் தருவார். இங்கே அதற்குச் சமமானது, வெளியில் பயன்படுத்தவென்று விற்கப்படும் சுருள் மறைப்பு. அதோடு, சுவரிலிருந்து விரிந்து, வேண்டாதபோது மடங்கிக்கொள்ளும் துணிப் பந்தல் ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். அது முன்பக்கமாகச் சரிந்து தாழ்வதால் மாலை வெயிலை மட்டமான கூரையைவிடச் சிறப்பாகத் தடுக்கும். காற்றடித்தால் மடக்கிவிடலாம். குளிர்காலம் முழுவதும் மடங்கியே இருப்பதால் பனிப்பாரம் என்ற பேச்சே இல்லை. தூறலையும் தாங்கும், பெருமழையைத் தாங்காது. பொருத்துபவர் செங்கல்லில் மட்டும் பிடிக்காமல் உள்ளே உள்ள மரச்சட்டம்வரை பிணைக்கிறாரா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள்.

உங்கள் நிலையில் இருந்தால் நான் இந்தக் கோடைக்குத் துணிப் பந்தலும் சுருள் மறைப்பும் போட்டுப் பார்ப்பேன். அம்மாவுக்கு அது போதவில்லை, மழையிலும் வெளியே இருக்க விரும்புகிறார், குடும்பத்துக்கும் நிரந்தரக் கூரை வேண்டும் என்றால், குளிர்காலத்தில் வரைபடமும் அனுமதியும் முடித்து அடுத்த வசந்தத்தில் கட்டத் தொடங்குவேன்.

பணமும் ஒப்பந்தமும்

நிரந்தரக் கூரைக்குப் போவதானால் வரிசை இதுதான்: முதலில் வரைபடம், பிறகு அனுமதி, அதற்குப் பிறகே ஒப்பந்தகாரர். வரைபடத்தை மாகாணத்தில் பதிவுபெற்ற வடிவமைப்பாளரோ பொறியியலாளரோ தயாரிக்கலாம். ஒரே வரைபடத்தை மூவரிடம் காட்டி விலை கேட்டால்தான் விலைகளை ஒப்பிட முடியும்; இப்போது உங்களிடம் உள்ள 9,000 எதற்கான விலை என்பது எங்கும் எழுதப்படவில்லை.

பற்றுச்சீட்டு இல்லாத காசு வேலையில் 13 வீத விற்பனை வரி மிச்சமாகிறது என்பார்கள். வரியோடு சேர்ந்து உங்கள் உரிமைகளும் போய்விடுகின்றன. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் வீட்டில் வைத்துக் கையொப்பமிட்ட 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் கூறாமலே நீக்கிக்கொள்ளலாம். மதிப்பீட்டுத் தொகை ஒப்பந்தத்தில் இருந்தால், நீங்கள் புதிதாக இணங்காதவரை அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டி அறவிட முடியாது. கட்டுமானச் சட்டமோ ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தைப் பிடித்துவைக்கும்படி உங்களுக்கே கடமை விதிக்கிறது. உங்கள் ஒப்பந்தகாரர் மரக்கடைக்காரருக்குப் பணம் கொடுக்காமல் விட்டால் அந்தக் கடன் உங்கள் காணியின் மேல் ஏறாதிருக்க அதுவே காவல். பாதிக்கும் மேல் முற்பணம் கொடுத்துவிட்டால் இவற்றில் எதையும் பயன்படுத்த உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. உறவினர் அறிமுகப்படுத்தியவரிடம் கடதாசி கேட்பது எப்படி என்று கூசவேண்டாம். பொறுப்புக் காப்புறுதிச் சான்றையும், வேலையாட்களுக்கான காப்புறுதிச் சான்றையும் கேட்டதற்காக ஒழுங்கான தொழிலாளி எவரும் மனம் புண்படுவதில்லை.

ஆகஸ்ட் மாத விழா

பிறந்தநாளுக்கு வாடகைக்கு ஒரு கூடாரம் எடுங்கள். மொத்தப் பரப்பு 60 சதுர மீற்றருக்கு மேற்படாமல், எந்தக் கட்டடத்தோடும் இணைக்கப்படாமல், மற்றக் கட்டுமானங்களிலிருந்து மூன்று மீற்றருக்கு மேல் தள்ளி அமைக்கப்படும் கூடாரத்துக்கு விதிக்கோவையின்படி கட்டட அனுமதி வேண்டியதில்லை. 60 சதுர மீற்றர் என்பது உங்கள் டெக்கைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே வளவின் புல்தரையில் பந்தி வைத்தே விருந்து நடத்தலாம். வளவு ஒடுக்கமாக இருந்தால் மூன்று மீற்றர் இடைவெளி கிடைக்கும் அளவுக்குச் சிறிய கூடாரமாகத் தெரிவுசெய்யுங்கள். கால்களைப் பாரமிட்டுக் கட்டச் சொல்லுங்கள். டெக்கின் மேல் மட்டும் நிறுத்தவேண்டாம்.

கடைசியாக, அந்தக் கைப்பிடி. மூன்றரை அடி உயரத்து டெக்கிலிருந்து இறங்கும் படிக்கட்டுக்கு உறுதியான கைப்பிடி இருக்கவேண்டும் என்பது விதி. மழை தூறும்போது ஈரப் பலகையில் எழுந்து நடக்கும் எழுபத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இன்று அங்கே உள்ள மிகப் பெரிய ஆபத்து வெயில் அல்ல, ஆடும் அந்தக் கைப்பிடிதான். அதற்கு அனுமதியும் வேண்டாம், கூரைவேலை தொடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மரைபோட்ட ஆணிகளை இறுக்கிப் பாருங்கள். மரம் உக்கியிருந்தால் தூணையே மாற்றுங்கள். இந்த வார இறுதியிலேயே செய்துவிடுங்கள்.